சேவியரின் இடது முட்டி

எங்கள் ஊர் கால்பந்து அணியின் இப்போதைய செயலாளர் போன வாரம் போன் செய்தார். காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்த பையன்களுக்கு ஷிஃப்ட் மாறிக்கொண்டே இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்குப் பதினோரு பேர் சேருவதே கஷ்டமாகிவிட்டது. சென்னையில் எந்த கிளப்பிலும் இல்லாமல் மூன்று மூத்த ஆட்டக்காரர்கள் சும்மா இருக்கிறார்கள், பெஞ்சுக்கு எடுத்து வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.

"பாய், உங்க காலத்துல இந்த மாதிரி ஆளுங்கள எப்படிப் பாத்து எடுத்தீங்க? எழுதிக் குடுங்க, நம்ம அணி மலர்ல போட்டுர்றேன்."

எழுதுகிறேன். ஆண்டை மட்டும் எழுதப் போவதில்லை. ஆண்டைப் போட்டால் நான் சொல்லும் கோச் யார் என்று ஊரில் பாதிப் பேருக்குத் தெரிந்துவிடும். அவருடைய பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள். பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். மாதம், கிழமை, அமாவாசை ஆகியவற்றைப் பழைய பஞ்சாங்கத்தோடு ஒத்துப் பார்த்துவிட்டேன். அவற்றில் பிழை இருக்காது.

பழவேற்காடு கடைத்தெருவில் இருந்த ஐஸ் கம்பெனியில் நான் டைம் கீப்பராகச் சேர்ந்தேன். எங்கள் வீட்டில் ஒரு காலத்தில் கப்பல் இருந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். எனக்கு வந்து சேர்ந்தது ஐஸ் கம்பெனி நாற்காலி. ஐஸ் எவ்வளவு நேரத்தில் உறையும், எந்தக் குப்பத்துக்கு எந்த மாதம் எத்தனை பாளம் போகும் என்பதையெல்லாம் கற்றுக்கொள்ளச் சில வருடங்கள் ஆயின. அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. முதலாளிக்குக் கால்பந்துப் பைத்தியம். கம்பெனி பெயரில் அணி தொடங்கியபோது அதற்கு மேனேஜர் வேண்டியிருந்தது. ஆபீசில் தேதியை மறக்காதவன் நான் ஒருவன்தான் என்று அந்த வேலையும் என் தலையில் விழுந்தது.

தேதிப் பழக்கம் எனக்குச் சின்ன வயதிலேயே உண்டு. டச்சுக்காரர் கல்லறைத் தோட்டத்தில் போய் உட்கார்ந்து கல்லில் இருப்பதைப் படிக்கப் பார்ப்பேன். பாஷை தெரியாது, எண்கள் தெரியும். செத்தவர் வயதை எவ்வளவு அக்கறையாகச் செதுக்கியிருக்கிறார்கள் என்று ஆச்சரியப்படுவேன். பிறகு ஆட்டக்காரர்கள் என் மேஜைக்கு முன் நின்று இருபத்தெட்டு, இருபத்தொன்பது என்று வாய்க்கு வந்த வயதைச் சொன்னபோது, கல்லில் செதுக்கினால்தான் இவர்கள் உண்மையைச் சொல்வார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

எங்கள் ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் குப்பத்துப் பையன்கள். கம்பெனியில் ஐஸ் ஏற்றுவார்கள், மாலையில் பந்து ஆடுவார்கள், ஏரியில் மீன் இருக்கும் காலத்தில் ஏரிக்குப் போய்விடுவார்கள். இங்கேதான் சிக்கல். ஏரி கடலில் சேரும் வாய்க்கால்களில் எந்த இடத்தில் யார் எந்த நாள் கழி நட்டு வலை கட்டலாம் என்பதைக் குப்பத்தில் சீட்டுப் போட்டு முறை வைத்திருப்பார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். பாடு வந்தவனுக்கு அன்று அந்த இடம் சொந்தம். தண்ணீர் வடியத் தொடங்கும்போது அவனோ, அவன் அப்பாவோ, கூடப் பிறந்தவனோ கழியடியில் நிற்க வேண்டும். கூலிக்கு ஆள் வைக்க முடியாது. அவன் வராவிட்டால் பக்கத்தில் காத்திருக்கும் அடுத்தவன் கட்டிக்கொள்வான். திரும்ப அவன் முறை வருவதற்குள் இறால் ஓட்டம் முடிந்துவிடும்.

ஆகையால் ஆட்ட அட்டவணை வந்ததும் நான் செய்யும் முதல் வேலை, அதைப் பாடு வரிசையோடு வைத்துப் பார்ப்பது. இந்த ஞாயிறு கோல் கீப்பர் இல்லை, அடுத்த ஞாயிறு இரண்டு ஃபார்வர்டும் இல்லை என்று முன்கூட்டியே சொல்லிவிடுவேன். நான் சொல்லும் ஓட்டையை அடைக்கத்தான் கோச் வெளியாட்களைத் தேடுவார். இளைஞர்கள் எங்களிடம் வர மாட்டார்கள். பெரிய கிளப்புகள் கழற்றிவிட்ட ஆட்கள்தான் வருவார்கள்.

கோச் தனசேகர் சென்னையில் பெரிய அணிகளைப் பார்த்தவர். குரலை உயர்த்தவே மாட்டார். எல்லோரையும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார். திட்டும்போதும் அப்படித்தான். "நீங்க ஒரு எருமைங்க, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்பார். திட்டு வாங்கியவன் கோபப்படுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே தள்ளி நிற்பான். பேசும்போது எதிராளி முகத்தைப் பார்க்க மாட்டார். காலைத்தான் பார்ப்பார்.

மூத்த ஆட்டக்காரரை அவர் சோதிக்கும் முறையைச் சொல்ல வேண்டும். பந்தை உதைத்துக் காட்டச் சொல்லவே மாட்டார். "இருபது வருஷமா உதைச்சவனுக்கு உதைச்சுக் காட்டத் தெரியாதா? அதுல என்ன தெரியப் போகுது பாய்?" என்பார். முதல் வேலை, அந்த ஆள் எந்த கிளப்பிலிருந்து வந்தாரோ அங்கே நான் போக வேண்டும். செயலாளரைப் பார்க்கக் கூடாது. செயலாளர் நல்லபடியாகத்தான் சொல்வார். கழித்துக் கட்டியவரை யாராவது எடுத்துக்கொண்டால் அவருக்கும் நிம்மதி. மைதானத்தில் டீ கொண்டுவருபவரைப் பார்க்க வேண்டும். கடைசி மாதங்களில் அந்த ஆட்டக்காரர் டீயை நின்றுகொண்டு குடித்தாரா, உட்கார்ந்து குடித்தாரா என்று கேட்க வேண்டும். கால் போனவன் டீ வந்ததும் உட்கார்ந்துவிடுவான்.

இரண்டாவது, படகு. ஏரியைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று சொல்லி ஏரிக்கு அக்கரையில் உள்ள பசியாவரம் வரைக்கும் அழைத்துப் போவார். கரையில் முழங்கால் அளவு சேறு. படகிலிருந்து சேற்றில் குதிக்கும் மனிதன் தான் நம்புகிற காலைத்தான் முதலில் வைப்பான், இதில் நடிக்க முடியாது என்பது அவர் கணக்கு. போகும்போது ஒரு முறை, வரும்போது ஒரு முறை, நடுவில் ஏதாவது சாக்குச் சொல்லி இன்னொரு முறை இறக்கிவிடுவார். மூன்று முறையும் ஒரே கால் முதலில் போனால் இன்னொரு காலில் கோளாறு.

அந்த வருடம் அட்டவணையில் கடைசி ஆட்டம் கார்த்திகை அமாவாசைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. எங்கள் ஊர் மைதானத்தில், எளாவூர்ப் பக்கத்து அணியோடு. தோற்றால் கீழ் டிவிஷனுக்குப் போய்விடுவோம். டிரா செய்தால் போதும். பாடு வரிசையைப் பார்த்தேன். அதே ஞாயிறு தேசப்பனுக்குப் பாடு.

தேசப்பன் எங்கள் ஸ்டாப்பர் பேக். அவனைத் தாண்டிப் பந்து போவது அபூர்வம். முந்தின மழையில் அவன் படகு உடைந்து, மாமனார் படகில் பங்குக்குப் போய்க்கொண்டிருந்தான். மழைத் தண்ணீர் இறங்கி முகத்துவாரம் திறந்திருக்கும் கார்த்திகையில், அமாவாசையை ஒட்டி விழும் பாடு என்பது குப்பத்தில் எல்லோரும் கேட்டும் கிடைக்காத சீட்டு. அது ஒன்று சரியாக அமைந்தால் அவனுக்குச் சொந்தப் படகு. அவனுக்குக் கூடப் பிறந்தவர்கள் இல்லை, அப்பாவும் இல்லை; அவன் பாடு நாளில் அவன்தான் நின்றாக வேண்டும். இன்னொரு பக்கம், முதல் பதினோரு பேரில் இருப்பவர்களுக்குத்தான் கம்பெனியில் வருடம் முழுவதும் வேலை. கோடையில் ஏரி காயும்போது அந்த வேலைதான் சோறு.

நான் விஷயத்தைச் சொன்னதும் கோச் இரண்டு நாள் யோசித்தார். அப்புறம் சேவியரை வரவழைத்தார்.

காசிமேட்டுக்காரரான சேவியரின் பெயரைச் சொன்னால் அப்போது எல்லோருக்கும் தெரியும். ஸ்டாப்பராக நின்று பெரிய பெரிய ஃபார்வர்டுகளைத் திணறடித்தவர். நாற்பதை நெருங்கியிருந்தார். கிளப் விட்டு இரண்டு சீசன் ஆகியிருந்தது. இவ்வளவு பெரிய ஆள் எங்கள் ஐஸ் கம்பெனி அணிக்கு வர ஒப்புக்கொண்டதே எனக்கு உறுத்தியது. எந்தப் பேரமும் பேசவில்லை. தங்க ஒரு அறை, சாப்பாடு, ஜெர்சி போதும் என்றார். ஒன்றும் கேட்காத ஆளைக் கண்டால் எனக்குப் பயம்.

பழைய கிளப்புக்குப் போனேன். டீக்காரர் சிரித்தார். "சேவியர் அண்ணனா? கோல் போஸ்ட்ல சாஞ்சுகினே குடிப்பாரு" என்றார். நின்றார் என்றும் சொல்ல முடியாது, உட்கார்ந்தார் என்றும் சொல்ல முடியாது.

படகுச் சோதனையில் மூன்று முறையும் வலது கால்தான் முதலில் சேற்றில் இறங்கியது. ஆனால் மூன்று முறையும் அவர் படகின் வலது ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அந்தப் பக்கம் உட்கார்ந்தவனுக்கு வலது கால்தான் முதலில் வெளியே வரும். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. கோச் தலையை ஆட்டிவிட்டு, "எடுத்துக்கலாம்" என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. மறுவாரம் வேறு ஒரு வேலையாக அவரைப் பசியாவரத்துக்கு அழைத்துப் போனேன். படகுக்காரரிடம் சொல்லி வலது ஓரம் முழுக்க வலையைக் குவித்து வைக்கச் சொன்னேன். சேவியர் ஒரு நிமிடம் நின்று பார்த்தார். "காத்தாட முன்னால குந்திக்கறேன் பாய்" என்று படகின் முனைக்குப் போய், கரை வந்ததும் அங்கிருந்து வலது காலை முன்னே வைத்துக் குதித்தார்.

இடது முட்டி போய்விட்டது. அதை மறைக்கவும் தெரிந்த ஆள்.

இதற்குள் குப்பத்தில் பேச்சு கிளம்பிவிட்டது. சேவியர் பார்ப்பவர்களிடமெல்லாம் "தேசப்பனுக்கு எந்த நாள் பாடு?" என்று விசாரிக்கிறாராம். வெளியூர் ஆட்டக்காரனுக்குப் பாடு நாள் எதற்கு? எளாவூர்க்காரர்கள்தான் அனுப்பியிருக்கிறார்கள் என்றார்கள் சிலர். தேசப்பன் இடத்தைப் பிடிக்க வந்திருக்கிறார் என்றார்கள் மற்றவர்கள். நான் நேரே சேவியரையே கேட்டேன்.

அவர் பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தார். பிறகு சொன்னார்: "அந்த ஒரு நாளு என்னை இறக்கிடுவாங்களோனு பயம் பாய். அதான் கேட்டுகினு இருக்கேன். மத்தபடி நான் ஆட வரல."

"ஆட வரலையா? பின்ன இன்னாத்துக்கு வந்தீங்க?"

"வீட்ல குந்தியிருந்தா பெருசுன்றாங்க. பெஞ்சுல குந்தியிருந்தா பிளேயர்ன்றாங்க. அவ்ளோதான்."

நான் கோச்சிடம் போய் முட்டி விஷயத்தைச் சொன்னேன். அவர் விசில் கயிற்றைச் சுற்றி முடித்துவிட்டுத்தான் பேசினார்.

"முதல் தடவை குதிச்சப்பவே எனக்குத் தெரியும் பாய். வலது ஓரத்துல உக்காரும்போதே தெரியும்."

"தெரிஞ்சா எதுக்கு எடுத்தீங்க?"

"நான் அவரை ஆட வைக்க எடுக்கலீங்க. தேசப்பன் பாக்கறதுக்கு எடுத்தேன். பெஞ்சுல யாரும் இல்லேன்னா அவரு நிம்மதியா வலை கட்டப் போயிடுவாரு. சேவியர் மாதிரி ஒரு பேரு உக்காந்திருந்தா, இடம் போயிடும்னு பாட்டை விட்டுட்டு வருவாரு. வர்றாரா இல்லையா பாருங்க."

அதுவரை நான் சந்தேகப்பட்டதெல்லாம் வந்த ஆளை. கூப்பிட்ட ஆளைச் சந்தேகப்பட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. போன் செய்த செயலாளருக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். மூத்த ஆட்டக்காரர் ஏன் சும்மா இருக்கிறார் என்று விசாரிப்பது பாதி வேலை. நம் கோச்சுக்கு அவர் எதற்கு வேண்டும் என்று விசாரிப்பது மீதி.

"தேசப்பன் முதல் பாதி மட்டும் ஆடிட்டுப் போகட்டுமே" என்று கேட்டுப் பார்த்தேன். "பாதி ஆளு எனக்கு எதுக்குங்க?" என்று கோச் எழுந்துவிட்டார்.

வியாழக்கிழமை தேசப்பனைத் தேடிப் போனேன். கரையில் வலைக் கழிகளைச் சீவிக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் சொன்னேன். சேவியரால் ஆட முடியாது, உன் இடத்தை அவர் எடுக்க மாட்டார், தைரியமாக வலை கட்டப் போ என்றேன்.

கத்தியை நிறுத்தாமல் கேட்டான். "கோச்சு சொல்லி அனுப்புனாரா பாய்?"

"கோச்சுக்குத் தெரியாது. நானா வந்தேன்."

"நீ கம்பெனி ஆளு. என்னை ஏரிக்கு அனுப்பிட்டு, 'ஆட்டத்துக்கு வரல'னு பேரை அடிச்சுட்டு, அவன ஸ்டாப்பர்ல நிக்க வெப்பீங்க. அப்பால வேல அவனுக்கு. மெய்யாலுமே உனுக்கு எம்மேல அக்கற இருந்தா ஆட்டத்த வேற நாளுக்கு மாத்து."

அது என் கையில் இல்லை. மறுநாள் சேவியரே போய்ச் சொல்லியிருக்கிறார். அது இன்னும் மோசமாகப் போயிற்று. தேசப்பன் அவர்மேல் பாய்ந்திருக்கிறான்.

"முட்டி போச்சாம்! யாருகிட்ட டபாய்க்கற? போன வாரம் பசியாவரத்துல தாவிக் குதிச்சத நான் பாத்தேன்."

இத்தனை வருடம் யாருக்கும் தெரியாமல் மறைத்த வித்தை அவர் வாயை அடைத்துவிட்டது.

ஞாயிறு மதியம் தேசப்பன் பூட்ஸோடு மைதானத்துக்கு வந்துவிட்டான். முகம் கறுத்திருந்தது. கோச் என்னைப் பார்க்கவில்லை, அவன் காலைப் பார்த்தார். துறையில் மாமனார் படகோடு காத்திருக்கிறார் என்று யாரோ சொன்னார்கள். பாடு இடத்தில் அடுத்த முறைக்காரன் காலையிலேயே கழிகளோடு போய் அங்கே உட்கார்ந்துவிட்டானாம்.

முதல் பாதி கோல் இல்லாமல் முடிந்தது. தேசப்பன் ஆட்டத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பந்து வெளியே போகும்போதெல்லாம் அவன் தலை ஏரிப் பக்கம் திரும்பியது. தண்ணீர் இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. அப்போது கிளம்பினால் வடிவதற்குள் போய்ச் சேரலாம். ஆட்டம் முடிந்து கிளம்பினால் முடியாது.

இடைவேளையில் எல்லோரும் எலுமிச்சம்பழம் சப்பிக்கொண்டிருந்தோம். சேவியர் பெஞ்சிலிருந்து எழுந்து கோட்டுக்கு அருகில் போனார். எதிர் அணியும் அவர்கள் கூட்டத்தாரும் எதிரேதான் நின்றிருந்தார்கள். இடது முட்டியில் மாட்டியிருந்த பட்டையைக் கழற்றி வீசினார்.

"தேசப்பா, இங்க பாரு."

குந்தப் பார்த்தார். வலது கால் மடங்கியது. இடது கால் கழி மாதிரி நீட்டியே இருந்தது. அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து மண்ணில் விழுந்தார். எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. எதிர் அணிக்காரர்கள் சிரித்தார்கள். "தாத்தாவத் தூக்கி வுடுங்கபா!" என்று ஒருவன் கத்தினான். அவர்களுடைய கேப்டன் மட்டும் சிரிக்காமல் அந்தக் காலைக் கவனித்துக்கொண்டிருந்தான்.

"எழுந்திருங்க சேவியர். தமாஷ் பண்ணாதீங்க" என்றார் கோச். முதல் தடவையாக அவர் குரல் உயர்ந்தது.

"நடிக்கறான்" என்றான் தேசப்பன். ஆனாலும் நடந்து போனான். பக்கத்தில் உட்கார்ந்து, முட்டிச் சில்லுக்குக் கீழே கட்டை விரலை வைத்து அழுத்தினான். சேவியர் பல்லைக் கடித்துக்கொண்டு அவனையே பார்த்தார். தேசப்பன் இன்னொரு முறை, மெதுவாக, அழுத்தினான்.

"இத்த வெச்சிகினா சேத்துல குதிச்ச?"

"இத்த வெச்சிகினு ரெண்டு வருஷம் குதிச்சேன். போடா, தண்ணி வடிஞ்சிடப் போவுது."

தேசப்பன் பூட்ஸை அவிழ்த்து அங்கேயே போட்டுவிட்டு ஓடினான். கல்லறைத் தோட்டத்து மதிலைத் தாண்டி அவன் துறைப் பக்கம் மறையும்வரை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். நடுவர் விசில் ஊதினார். எங்களிடம் வேறு ஸ்டாப்பர் இல்லை. சேவியர் உள்ளே போனார்.

இரண்டாவது பாதியில் எதிர் அணி ஒரே ஒரு வேலைதான் செய்தது. எல்லாப் பந்தையும் அவருடைய இடப்பக்கம் அனுப்பியது. அவர் ஓடவில்லை, கோல் கீப்பருக்கு முன்னால் நின்று, யார் எங்கே போக வேண்டும் என்று கத்திக்கொண்டே இருந்தார். தலையால் தடுத்தார், நெஞ்சால் தடுத்தார். முடியப் போகும் நேரத்தில் ஒருவன் அவருடைய இடது பக்கம் சுற்றி வந்தான். அவர் திரும்புவதற்குள் பந்து வலைக்குள் இருந்தது.

ஒன்றுக்குப் பூஜ்யம். கீழ் டிவிஷன்.

மறுநாள் ஊர் முழுக்கத் தீர்ப்பு வந்துவிட்டது. எளாவூர்க்காரர்களிடம் காசு வாங்கிக்கொண்டுதான் சேவியர் வந்தார், நாடகமாடித் தேசப்பனைக் கிளப்பிவிட்டார், அப்புறம் கோலை விட்டார். எல்லாம் பொருந்தி வந்தது. அதைவிட நன்றாகப் பொருந்தும் கதையை என்னாலும் சொல்ல முடியவில்லை. முதலாளியின் அறைக்குப் போய், நடந்ததை நடந்தபடி சொன்னேன். கோச் எதையும் மறுக்கவில்லை. "பாய் நல்லவருங்க, எல்லாரையும் நம்பிடுவாரு" என்றார். அதோடு என் சாட்சியம் முடிந்தது. சேவியரை அன்றே போகச் சொல்லிவிட்டார்கள். தேசப்பனுக்கும் கம்பெனி வேலை போயிற்று. ஆனால் வலை கனத்திருந்தது. பொங்கலுக்குள் அவன் சொந்தப் படகு தண்ணீரில் இறங்கியது.

செவ்வாய்க்கிழமை காலை சேவியரை வழியனுப்ப நான் மட்டும் பஸ் நிறுத்தத்துக்குப் போயிருந்தேன். டீக்கடையில் நாலைந்து பேர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பஸ் கிளம்பும் நேரத்தில் தேசப்பன் ஓலைக் கூடையோடு ஓடி வந்தான். கூடை நிறைய இறால், மேலே ஐஸ்.

"வேணாம்டா" என்றார் சேவியர். "இத்த வாங்குனா எளாவூர்க்காரன் குடுத்தான்னுவாங்க."

தேசப்பன் டீக்கடையைத் திரும்பிப் பார்த்தான். கூடையைத் தலைக்கு மேல் தூக்கினான்.

"எல்லாரும் பாத்துக்கோங்க! இத்த நான் குடுக்கறேன்! தேசப்பன் குடுக்கறேன்! என் பாட்டுல புடிச்ச எறா!"

சேவியர் கூடையை வாங்கிக்கொண்டார். பஸ் போயிற்று. தேசப்பனும் போனான். டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவிக்கொண்டே சொன்னார்:

"இன்னாத்துக்கு இவ்ளோ சத்தமா சொல்றான்? இதுல என்னமோ இருக்குது."